நீலக் கோடு துடைத்தால் போகும்

1

ஒரு நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது இந்தக் கதை தோன்றியது என்று ஆரம்பித்தால் பார்க்க அழகாக இருக்கும். உண்மை அப்படி இல்லை. என் மனைவி நாவல் எழுதுகிறாள். நன்றாக எழுதுகிறாள். அதைப் பொறுக்க முடியாமல்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். பொறாமை என்ற சொல்லுக்கு மரியாதையான மாற்றுச் சொல் கிடைக்குமா என்று அகராதியைப் புரட்டினேன். கிடைத்ததெல்லாம் அதைவிட மோசமாக இருந்தது. ஆகவே பொறாமை.

விவரம் இதுதான். எங்கள் வீட்டில் எழுதுகிறவர்கள் இரண்டு பேர், எழுதத் தோதான நாற்காலி ஒன்றே ஒன்று. துணி காயப்போடும் பால்கனியாக இருந்ததை அடைத்துவிட்டு அதை எழுதும் அறை என்று சொல்லிக்கொள்கிறோம். உள்ளே ஒரு மேசை, ஒரு கணினி, அந்த நாற்காலி. இன்னொரு நாற்காலியைக் கொண்டுவந்தால் நாங்கள் வெளியே வர வேண்டியதுதான். காலையில் நாற்காலி எனக்கு. மதியத்துக்கு மேல் நான் அச்சகத்துக்குப் போய், அடுத்தவர்கள் எழுதிய புத்தகங்களில் பிழை திருத்துகிறேன். அப்போது பள்ளி நூலக வேலை முடிந்து வரும் என் மனைவிக்கு நாற்காலி.

லேசுப்பட்ட நாற்காலி இல்லை அது. ஏதோ ஒரு பெரிய அலுவலகம் இடம் மாறியபோது கழித்துவிட்டது. யாரோ ஒரு மேலாளர் அதில் சாய்ந்துகொண்டு ஆட்களை வீட்டுக்கு அனுப்பியிருப்பார். முதுகுக்கு வலை, உட்காரக் கெட்டியான பஞ்சு, இடுப்பைத் தாங்க வளைந்த பட்டை, கீழே ஐந்து சக்கரம். உயரம், கைப்பிடி, இடுப்புப் பட்டை, சாயும்போது அது எவ்வளவு எதிர்த்துத் தள்ள வேண்டும் என்பது, எல்லாவற்றையும் ஆளுக்கு ஏற்றபடி திருகிக்கொள்ளலாம். நான் நெட்டை, அவள் குட்டை. என் அளவில் அவள் உட்கார்ந்தால் கால் தரையில் படாது. அவள் அளவில் நான் உட்கார்ந்தால் முழங்கால் மேசையில் இடிக்கும்.

அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம். எழுந்து போகிறவர், அடுத்து வருகிறவருடைய அளவுக்கு நாற்காலியை மாற்றி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். இதற்காக எல்லாத் திருகிலும் ஆளுக்கொரு கோடு போட்டிருக்கிறோம். அவள் கோடு நகப்பூச்சில், சிவப்பு. என் கோடு பேனாவில், நீலம். பேச்சுவார்த்தை நின்றுபோய் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த நாட்களில்கூட, காலையில் நான் போகும்போது நாற்காலி என் அளவில் காத்திருக்கும்.

இப்போது அவள் ஒரு மாத விடுப்பு எடுத்திருக்கிறாள். நாவலை முடித்துப் பதிப்பகத்துக்குக் கொடுக்க வேண்டுமாம். போன வாரம் சாப்பிடும்போது ஆரம்பித்தாள்.

"என்னங்க, ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டீங்களே?"

"கோச்சுக்கற மாதிரி கேக்கப் போறேன்னு அர்த்தம். கேளு."

"நாவல் முடியற வரைக்கும் காலையிலயும் நானே உக்காந்துக்கட்டுமா?"

"அப்ப நான் எங்க எழுதறது?"

அவள் தண்ணீரை எடுத்து ஒரு வாய் குடித்தாள். எங்கள் மகள்தான், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "நீங்க எழுதறீங்களாப்பா?" என்றாள்.

கல்லூரிக்குப் போகிற பெண். அவள் கேள்வியில் கேலி இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதுதான் சுருக்கென்று தைத்தது.

"ஏன், எழுதிட்டுதான் இருக்கேன். ஒரு கதை."

"எதைப் பத்தி?"

"நாற்காலியைப் பத்தி." கண்ணில் பட்டதைச் சொன்னேன்.

என் மனைவி என்னைப் பார்த்த பார்வையில் நம்பிக்கையும் இல்லை, சந்தேகமும் இல்லை. "சரி, அப்ப இப்படி வெச்சுக்கலாம். வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள அந்தக் கதையை முடிச்சிட்டீங்கன்னா காலை உங்களுக்கே. நான் வாயே தொறக்க மாட்டேன். முடிக்கலேன்னா ரெண்டு வேளையும் எனக்கு."

"முடிஞ்சுதா முடியலையான்னு யாரு சொல்றது?"

"முடிஞ்சா தெரியாதா?" என்றாள்.

2

ஆக, கதை முடிந்தால் காலை எனக்கு. ஆரம்பிக்கிறேன்.

ஆரம்பம் ஒன்று: ‘அந்த அலுவலகத்தில் எல்லாருக்கும் ஒரே மாதிரி நாற்காலிதான். கணக்கர் மட்டும் தன் நாற்காலியைத் தினமும்’

தினமும் என்ன? தெரியவில்லை. அந்தக் கணக்கர் எனக்கு யாரோ. விட்டுவிட்டேன்.

ஆரம்பம் இரண்டு: ‘நாற்காலி பேசத் தொடங்கியது.’ வேண்டாம். இந்த வீட்டில் ஏற்கெனவே எல்லாரும் பேசுகிறார்கள்.

ஆரம்பம் மூன்று: ‘கணவன் ஞாயிறுதோறும் நாற்காலியைச் சுத்தம் செய்வான். மனைவி அதில் உட்கார்ந்து’

[எழுதுவாள்.]

இந்த அடைப்புக்குறி நான் போட்டதில்லை. நான் பாதியில் விட்டுவிட்டு அச்சகத்துக்குப் போயிருந்தேன். மதியம் அவள் கணினியைத் திறந்திருக்கிறாள், கோப்பைப் பார்த்திருக்கிறாள், என் வாக்கியத்தை முடித்துவிட்டு எழுந்து போயிருக்கிறாள். வேறு யாராக இருந்தாலும் கோபம் வரும். எனக்கு வந்தது வேறு. காலை முழுக்க அந்த வாக்கியத்தோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். அவள் ஒரு சொல்லைப் போட்டாள். பொருந்தியது.

வாசகர் குழம்ப வேண்டாம். இனி சதுர அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் அவள், மற்றதெல்லாம் நான். நல்ல வரி ஏதாவது கண்ணில் பட்டால், அதைச் சுற்றி அடைப்புக்குறி இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

[சும்மா இருங்க. உங்க வரியும் நல்லாத்தான் இருக்கு.]

அந்த ‘உங்க வரியும்’ என்பதில் உள்ள ‘உம்’ எனக்குப் பிடிக்கவில்லை.

3

கதைக்குள் போவதற்கு முன்னால் நாற்காலியைச் சுத்தம் செய்வது எப்படி என்று சொல்லிவிடுகிறேன். இந்த ஒரு விஷயத்தில் வீட்டில் எனக்குப் போட்டி கிடையாது.

தரையில் பழைய போர்வையை விரித்து நாற்காலியைத் தலைகீழாகப் படுக்க வையுங்கள். சக்கரங்களை ஒவ்வொன்றாகப் பிடித்து நேராக இழுத்தால் கையோடு வந்துவிடும். பக்கவாட்டில் நெம்பினால் உடையும். சக்கரத்தின் அச்சில் தலைமுடியும் நூலும் சுற்றிக்கொண்டு கெட்டியான வளையமாக இருக்கும். சின்னக் கத்தரியால் குறுக்கே நறுக்கி, புருவம் எடுக்கிற இடுக்கியால் இழுத்தால் மொத்தமாக வரும். அந்த நேரத்து நிம்மதியை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

முதுகு வலைக்கு வாக்குவம் கிளீனரில் தூரிகை முனையைப் பொருத்திக்கொள்ளுங்கள், அழுத்தாதீர்கள். பஞ்சுக்குத் தண்ணீர் ஆகாது. சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியை ஒட்டப் பிழிந்து ஒற்றி எடுங்கள், பிறகு வெயில் படாமல் காற்றாட விடுங்கள். கைப்பிடிகளில் வியர்வையும் கை எண்ணெயும் படிந்து பிசுபிசுப்பாக இருக்கும், அவற்றை இரண்டு முறை துடைக்க வேண்டும். லீவர், திருகு எதையும் விடாதீர்கள், கை படுகிற இடத்தில்தான் அழுக்கு. மறைகளை இறுக்குங்கள், ஆனால் வீரத்தைக் காட்டாதீர்கள். சாய்கிற இடத்தில் கொஞ்சம் சிலிக்கான் ஸ்ப்ரே. உயரத்தை ஏற்றி இறக்குகிற நடுத்தண்டுக்கு மட்டும் எதையும் போடாதீர்கள்.*

* சமையல் எண்ணெய் விட்டால் சத்தம் நிற்கும் என்று ஓர் உறவினர் சொன்னார். நின்றது. பிறகு அந்த எண்ணெயில் ஒட்டிய தூசியைச் சுரண்ட ஒரு ஞாயிறு போனது. உறவினரோடு பேச்சும் நின்றது.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், துடைக்கிறவனுக்கு நாற்காலி எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடும். சக்கரத்தில் சுற்றியிருப்பது நீளமான முடி, பாதி நரை. அவளுடையது. பஞ்சின் ஓரத்து இடுக்கில் பிஸ்கட் தூள். அவளுடையது, நான் இனிப்பு தின்பதில்லை. இடது கைப்பிடி அவள் முழங்கை படுகிற இடத்தில் மழமழவென்று தேய்ந்திருக்கிறது. யோசிக்கும்போது அவள் அந்தப் பக்கம் சாய்வாள் போலிருக்கிறது. பஞ்சின் முன் விளிம்பு அமுங்கியிருக்கிறது. பின்னால் சாயாமல், நுனியில் உட்கார்ந்து, விழுந்து விழுந்து எழுதியிருக்கிறாள்.

என் பங்குக்கு என்ன அழுக்கு? தேடினேன். ஒரு பொட்டுகூட இல்லை. தினமும் காலை முழுக்க உட்காருகிறேன், சாய்ந்துகொள்கிறேன், ஜன்னலைப் பார்க்கிறேன், எதிர் வீட்டு மாடியில் காயும் துணியைப் பார்க்கிறேன், எழுந்து போகிறேன். அப்படி உட்காருகிறவனால் எந்த நாற்காலியும் தேய்ந்ததில்லை.

மனிதர்கள் அடுத்தவரின் வீட்டைப் பார்த்து, பதவியைப் பார்த்துப் பொறாமைப்படுவார்கள். நான் என் மனைவியின் அழுக்கைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன்.

[இந்த வரி நல்லா இருக்கு. இதுக்கு அடைப்புக்குறி இல்ல, பாத்துக்கங்க.]

என் நீலக் கோடுகள் மட்டும் அத்தனை துடைத்தும் பளிச்சென்று இருக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. நல்ல பேனா.

4

இந்தப் பகுதியில் கதாநாயகனை அறிமுகப்படுத்துவதாக இருந்தேன். நடுவில் தொலைபேசி மணி அடித்துவிட்டது. அவள் கைபேசி, மறந்து மேசையிலேயே விட்டுவிட்டுக் கடைக்குப் போயிருந்தாள்.

"மேடம் இருக்காங்களா?" பதிப்பகத்தின் பதிப்பாசிரியை. குரலிலேயே புன்னகை.

"வெளிய போயிருக்காங்க. நான் அவங்க வீட்டுக்காரர் பேசறேன்."

"சார், வணக்கம் சார்! நீங்க குடுத்து வெச்சவரு. புதுசா அனுப்பின அத்தியாயத்தைப் படிச்சிட்டு அப்படியே உக்காந்துட்டேன். மாமனார் செத்துப்போன வீட்டுல, எல்லாரும் அழுதிட்டிருக்கும்போது, அந்த மருமக வாசல்ல தன் செருப்பத் தேடறா பாருங்க..."

"ம்."

"நீங்க படிச்சிருப்பீங்கல்ல?"

"படிக்காம இருப்பனா?" படிக்கவில்லை.

"மேடம் சொன்னாங்க, நீங்களும் எழுதுவீங்களாமே?"

மறுபடியும் அந்த ‘உம்’. எனக்கு இரண்டு சிறுகதைத் தொகுப்புகள் வந்திருக்கின்றன. இரண்டுக்கும் பிழை பார்த்தவள் அந்த மேடம்தான். இதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அந்த அம்மாள், "மேடம் வந்ததும் கூப்பிடச் சொல்லுங்க சார்," என்று வைத்துவிட்டார்.

உடனே அந்த அத்தியாயத்தைத் திறந்து படித்தேன். மருமகள் செருப்பைத் தேடுகிறாள். அத்தனை செருப்புகளுக்கு நடுவே தன்னுடையதைத் தேடித் தேடி, கடைசியில் ஒன்றைக் கண்டுபிடிக்கிறாள், இன்னொன்று கிடைக்கவில்லை. ஒற்றைச் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்போதுதான் அழ ஆரம்பிக்கிறாள். உறவுக்காரர்கள் எல்லாரும் மாமனாருக்காக அழுகிறாள் என்று நினைத்து வந்து கட்டிக்கொள்கிறார்கள்.

நானாக இருந்தால் வீட்டுக்குள் ஒரு பக்கம் ஒப்பாரியை எழுதியிருப்பேன். வாசலுக்கு வந்திருக்கவே மாட்டேன். காதில் புகை வருகிறது என்று சும்மா சொல்வார்கள் என்று நினைத்திருந்தேன். நிஜமாகவே காது சூடாக இருந்தது, தொட்டுப் பார்த்தேன்.

அவள் வந்ததும் பதிப்பாசிரியை கூப்பிட்டதைச் சொன்னேன். "என்ன சொன்னாங்க?" என்றாள் ஆவலாக.

"கூப்பிடச் சொன்னாங்க."

"வேற ஒண்ணும் சொல்லலையா?"

"இல்ல."

5

இனி கதாநாயகனைத் தள்ளிப்போட முடியாது. அவன் ஒரு கணவன். நெட்டை. மனைவி எழுதுகிறாள், அவனால் முடியவில்லை. (பெயரும் வேலையும் வேண்டாம், என்னைத் தெரிந்தவர்கள் இதைப் படிக்கக்கூடும்.) நாற்காலியைப் பராமரிப்பது அவன் பொறுப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை தலைகீழாகக் கிடக்கும் நாற்காலிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது அவனுக்கு ஒன்று புரிகிறது. மனைவியின் நாவல் தன் கையில் இருக்கிறது.

முடிவு அ: அவன் ஒரு மறையைத் தளர்த்தி வைக்கிறான். அவள் விழுகிறாள்.

இது கொலைக்கதை. எனக்கு வராது. அவனுக்கும் வராது. அவன் கோழை.

முடிவு ஆ: அவன் அவளுடைய இடுப்புப் பட்டையைச் சிவப்புக் கோட்டுக்கு ஒரு நூலளவு கீழே வைக்கிறான். அடுத்த நாள் இன்னொரு நூல். சாய்வுத் திருகைக் கொஞ்சம் இறுக்குகிறான், அவள் சாயும்போதெல்லாம் நாற்காலி அவளை முன்னால் தள்ளுகிறது. யாருக்கும் தெரியாது. அவளுக்கு இடுப்பு வலிக்க ஆரம்பிக்கிறது. எழுதுவது பக்கம் பக்கமாகக் குறைகிறது. அவன் வெந்நீர்ப் பை கொண்டுவந்து கொடுக்கிறான். ‘கொஞ்ச நாள் ஓய்வு எடேன்,’ என்கிறான். அக்கறையான கணவன் என்று எல்லாரும் அவனைத்

[இதை நீங்க செஞ்சீங்களா?]

செய்யவில்லை. நினைத்தேன். நினைத்ததால்தான் எழுத வந்தது.

[போன வாரம் எனக்கு இடுப்பு வலிச்சுது.]

சத்தியமாகச் செய்யவில்லை. கோட்டைப் பார். இம்மி பிசகாமல் வைத்துவிட்டுத்தான் தினமும் எழுந்து போகிறேன்.

[தெரியும். நான்தான் ஒரே மூச்சா உக்காந்துட்டேன். அந்தச் செருப்பு அத்தியாயம். எழுந்திரிச்சா போயிடுமோன்னு பயமா இருந்துது, தண்ணி குடிக்கக்கூட எந்திரிக்கல.]

வாசகரே, பாருங்கள். அவள் சந்தேகப்பட்டுவிட்டாளே என்று நான் பதறிப்போய்ச் சத்தியம் செய்கிறேன். அவள் என்னை மன்னித்த கையோடு, என் வயிற்றில் ஒரு அகப்பை நெருப்பை அள்ளிப் போட்டுவிட்டுப் போகிறாள். எழுந்தால் போய்விடுமோ என்று பயந்தாளாம். எனக்கு அப்படி ஒரு பயம் வந்து எத்தனை நாளாயிற்று? எனக்கு எழுந்தால்தான் நிம்மதி.

என்றாலும் முடிவு ஆ நன்றாக இருக்கிறது. அதையே வைத்துக்கொண்டால் என்ன? இரண்டு பக்கம் எழுதினால் கதை முடிந்துவிடும். சனிக்கிழமை காலை அப்படித்தான் நினைத்திருந்தேன். காலை எனக்கு. நாற்காலி எனக்கு. மறுபடியும் ஜன்னலைப் பார்க்கலாம்.

6

இன்று ஞாயிறு. அவள் தன் அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறாள், இருட்டுவதற்குள் வந்துவிடுவாள். முடிவு ஆ-வை எழுதுவதற்கு முன்னால், பழக்க தோஷம், நாற்காலியைத் துடைக்க உட்கார்ந்தேன்.

வழக்கமாக நான் துடைப்பது ஒரு பழைய கறுப்புச் சட்டையால். அது கிழிந்துபோய்விட்டது. மகளிடம் துணி கேட்டேன், என்னுடைய பழைய வெள்ளைப் பனியனைக் கொண்டுவந்து போட்டாள். கைப்பிடியைத் துடைத்தேன். திருகுகளைத் துடைத்தேன். துணியைத் திருப்பினால், நீலம்.

கைப்பிடியைப் பார்த்தேன். சிவப்புக் கோடு இருக்கிறது, நீலக் கோடு இல்லை. இடுப்புப் பட்டையில் ஈரத் துணியால் ஒரே ஒரு இழுப்பு. அங்கேயும் போய்விட்டது. பேனா மைதானே, சோப்புத் தண்ணீரில் போகாமல் என்ன செய்யும்? அப்படியென்றால் இத்தனை ஞாயிறும் போயிருக்க வேண்டும். கறுப்புத் துணியில் எனக்குத் தெரியவில்லை. துடைத்து முடித்ததும் அவளுடைய சிவப்புக் கோட்டில் வைத்துவிட்டு எழுந்துவிடுவேன், என் கோட்டைப் பார்க்க மாட்டேன். ஆனால் திங்கட்கிழமை காலை நான் உட்காரும்போது அது இருக்கும்.

மகளைக் கூப்பிட்டேன்.

"இந்த நீலக் கோடெல்லாம் யாரு போடறது?"

"அம்மாதான்." என்னை விநோதமாகப் பார்த்தாள். "நீங்க ஞாயித்துக்கிழமை துடைச்சிடுவீங்க, அம்மா ராத்திரி போட்டு வெச்சிடுவாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

"எப்படிப் போடுவாங்க? கோடே இல்லாதப்ப எங்க போடணும்னு எப்படித் தெரியும்?"

"ஸ்கேல வெச்சு அளந்துதான். உங்க அளவெல்லாம் அவங்களுக்கு மனப்பாடம்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். "நானும் கேட்டேன்ப்பா. சொன்னா அப்பா துடைக்கறதை விட்டுடுவாருன்னாங்க. இப்போதைக்கு அது ஒண்ணுதான் அவர் சந்தோஷமா செய்யற வேலை, அதையும் கெடுக்க வேண்டாம்னு சொன்னாங்க."

சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டாள். நான் ஒரு சக்கரத்தைக் கையில் பிடித்தபடி போர்வை மேல் உட்கார்ந்திருந்தேன்.

நல்ல கதையாக இருந்தால் இந்த இடத்தில் கணவன் உருகிப்போவான். கண் கலங்கும், பொறாமையெல்லாம் கரைந்துபோகும். எனக்கு என்ன ஆயிற்று என்று உள்ளதைச் சொல்கிறேன். முதலில் கோபம் வந்தது. அப்படியென்றால் அவளுக்கு எல்லாமே தெரியும். காலை முழுக்க நான் வெட்டி முறிப்பது என்ன என்று தெரியும். தெரிந்துகொண்டுதான், எழுதாத ஒருவனுக்காக ஸ்கேலை எடுத்து அளந்து கோடு போட்டிருக்கிறாள். நன்றாக எழுதுகிறாள், போகட்டும் என்று விட்டேன். நல்லவளாக இருப்பதிலும் அவளேதான் முந்த வேண்டுமா? எனக்கென்று ஒரு துறையையாவது விட்டுவைக்கக் கூடாதா?

அதற்குப் பிறகுதான் கண் கலங்கியது. வரிசை முக்கியம், அதனால் சொல்கிறேன்.

7

முடிவு ஆ இனி உதவாது. அந்தக் கணவன் ஒரு நூல் ஒரு நூலாகச் சிவப்புக் கோட்டிலிருந்து இறக்கிக்கொண்டிருக்கும்போது, அந்த மனைவி ஞாயிறு தவறாமல் அவனுக்கு நீலக் கோடு போட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்த பிறகு, என்னால் அவனை எழுத முடியாது. எழுதினால் அவன் கையை உடைக்கத் தோன்றும்.

முடிவு இ என்று ஒன்று இருக்கிறது. சக்கரங்களை ஒவ்வொன்றாகப் பொருத்திக்கொண்டிருக்கும்போது வந்தது. நல்ல முடிவு. பெருமைக்குச் சொல்லவில்லை, அவளுடைய செருப்பு அத்தியாயத்துக்குப் பக்கத்தில் வைக்கலாம். அரைப் பக்கம்தான் வரும். எழுந்தால் போய்விடுமோ என்று பயமாகக்கூட இருந்தது. அந்தப் பயம் திரும்பி வந்ததே போதும் என்று ஒரு நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

எழுதினால் கதை முடிந்துவிடும். கதை முடிந்தால் காலை எனக்கு. வாயே திறக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறாள், திறக்கவும் மாட்டாள். விடுப்பு தீர்ந்துவிடும், அவளுடைய நாவல் சாப்பாட்டு மேசையில் மர நாற்காலியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

அதனால் எழுதப் போவதில்லை. முடிவு இ என்னோடு இருக்கட்டும். இந்தக் கதை முடியவில்லை. ஒப்பந்தப்படி இரண்டு வேளையும் அவளுக்கு. இதைத் தியாகம் என்று யாரும் சொல்ல வேண்டாம். அவளை ஒரு விஷயத்திலாவது முந்த வேண்டும் என்ற வீம்புதான்.

நாற்காலி துடைத்தாயிற்று. எல்லாத் திருகையும் சிவப்புக் கோட்டில் வைத்துவிட்டேன். பேனா சட்டைப் பையில்தான் இருக்கிறது. நீலக் கோடு போடவில்லை. மீதிக் கதையில் ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் எழுதி, அடுத்ததைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்திருக்கிறேன்.

‘அவன் நாற்காலியை நிமிர்த்தி வைத்தான். பிறகு’

[பிறகு ஒண்ணுமில்ல. கதை இங்கயே முடிஞ்சிருச்சு. என்னை ஏமாத்தப் பாக்காதீங்க. முடிஞ்சா தெரியாதா? காலை உங்களுக்கு.]

8

திங்கட்கிழமை காலை. இதை நின்றுகொண்டே தட்டச்சு செய்கிறேன்.

நாற்காலி என் அளவில் இருக்கிறது. எல்லாத் திருகிலும் நீலக் கோடு இருக்கிறது. துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. எச்சில் தொட்டுத் தேய்த்தேன், போகவில்லை. மகள் சொன்னாள், அவளிடம் நீல நகப்பூச்சு ஒன்று இருந்ததாம், நேற்று இரவு அம்மா கேட்டு வாங்கிக்கொண்டாளாம்.

அவள் சாப்பாட்டு மேசையில், மர நாற்காலியில், ஒரு தலையணையை முதுகுக்கு வைத்துக்கொண்டு கையால் எழுதிக்கொண்டிருக்கிறாள். போய்ச் சொன்னேன். "கதை முடியல. வந்து உக்காரு."

"முடிஞ்சிருச்சு. நீங்க போய் உக்காருங்க."

"எழுதினவன் நான். முடியலேங்கறேன்."

"படிச்சவ நான்," என்றாள், நிமிராமல். "முடிஞ்சிருச்சுங்கறேன்."

"உனக்கு நாவல் முடிக்கணும்."

"உங்களுக்கு அடுத்த கதை எழுதணும்."

அடுத்த கதையைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கே அவள் சொல்லித்தான் தெரியும்.

ஆக, நாற்காலி இப்போது காலியாக இருக்கிறது. சுத்தமாக, திருகெல்லாம் சரியாக, உட்கார ஆளில்லாமல் இருக்கிறது. "யாரும் உக்காரலேன்னா நான் உக்காந்துக்கறேன்," என்று மகள் கையில் பிஸ்கட்டோடு வாசலில் நிற்கிறாள். இது இப்படியே போனால் யாருக்கும் நல்லதில்லை.

அதனால் வாசகரே, உங்களிடம் விடுகிறேன். எழுதியவனும் வேண்டாம், அவன் மனைவியும் வேண்டாம், மூன்றாவது ஆளாக நீங்கள் சொல்லுங்கள். இந்தக் கதை முடிந்ததா, இல்லையா? முடிந்தது என்றால் நான் உட்காருகிறேன். முடியவில்லை என்றால் அவள் தலையணையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வர வேண்டும், நீங்கள் சொன்னால் கேட்பாள்.

ஒரே ஒரு தயவு. தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால், சதுர அடைப்புக்குறிக்குள் இருப்பதையெல்லாம் எடுத்துவிட்டு ஒரு தடவை படித்துப் பாருங்கள். அவை இல்லாமலும் முடிந்திருக்கிறது என்றால் மட்டும் என்னிடம் சொல்லுங்கள்.